ஜ்வாலாபுரம்: எரிமலைச் சாம்பலுக்குக் கீழும் மேலும் மனிதத் தடம்

ஜ்வாலாபுரம் ஆந்திரப் பிரதேசத்தின் நந்தியால் மாவட்டத்தில், பனகானபள்ளி என்ற ஊருக்கு அருகே, ஜுர்ரேரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்துள்ள ஒரு சிற்றூர். 2022இல் நந்தியால் தனி மாவட்டமாகும் வரை இது கர்னூல் மாவட்டத்தில் இருந்தது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் வெடித்த தோபா எரிமலையின் சாம்பல் இங்கே வெண்ணிறப் படிவாக மண்ணுக்குள் தங்கியுள்ளது. அந்தப் படிவுக்குக் கீழேயும் மேலேயும் மனிதர் செய்த கற்கருவிகள் கிடைத்துள்ளன. இதனால்தான் இவ்வூரின் பெயர் உலகத் தொல்லியல் நூல்களில் இடம்பெற்றது.

'ஜ்வாலை' என்றால் தீச்சுடர். ஆனாலும் ஊர்ப் பெயருக்கும் எரிமலைக்கும் தொடர்பு கற்பிக்க வேண்டியதில்லை. எழுத்தோ ஊரோ தோன்றுவதற்குப் பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்ச்சி அது. அதை நினைவில் வைத்து எவரும் பெயர் சூட்டியிருக்க முடியாது.

எரிமலையால் புதையுண்ட பிற ஊர்கள்

எரிமலையால் புதைந்த ஊர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இத்தாலியின் பொம்பெயி. கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்தபோது அந்நகரம் மூடப்பட்டது. அங்கே தெருக்கள், அடுமனைகள், சுவரோவியங்கள் ஆகியவற்றோடு இறந்தவர்களின் உடல் பதிவுகளும் எஞ்சின.

மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோர் நாட்டில் உள்ள ஹோயா தே செரேன் இன்னொரு சான்று. அது அரண்மனை எதுவுமில்லாத உழவர் சிற்றூர். கி.பி. 7ஆம் நூற்றாண்டையொட்டி அருகிலிருந்த எரிமலை வாய் வெடித்து, பல மீட்டர் உயரத்துக்குச் சாம்பல் அதை மூடியது. 1976இல் தானியக் களஞ்சியம் கட்ட நிலத்தைச் சமன் செய்தபோது அது வெளிப்பட்டது. மண் வீடுகள், பானைகளில் இருந்த உணவுப் பொருள்கள், வயலில் நின்ற மக்காச்சோளச் செடிகளின் அச்சு எல்லாம் அங்கே கிடைத்தன. 1993இல் அது உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

ஜ்வாலாபுரம் இந்த இரண்டிலிருந்தும் வேறுபட்டது. இங்கே சுவரோ தெருவோ பானையோ இல்லை. அந்தக் காலத்தில் வேளாண்மை கிடையாது. நிலையான ஊரும் கிடையாது. வேட்டையாடியும் கிழங்கும் கனியும் தேடியும் வாழ்ந்த சிறு கூட்டத்தினர் தண்ணீர் உள்ள பள்ளத்தாக்குகளில் தங்கிச் சென்றனர். கருவி செய்யும்போது உடைந்து சிதறிய கற்களே அவர்கள் விட்டுச் சென்ற தடயம். எரிமலையும் பக்கத்தில் இல்லை. தோபாவுக்கும் ஜ்வாலாபுரத்துக்கும் இடையே கடலைத் தாண்டி 2,600 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு இருக்கிறது.

தோபா வெடிப்பு

சுமத்ராவில் இன்று தோபா ஏரி என்ற பெரிய ஏரி உள்ளது. அதன் நீளம் சுமார் 100 கிலோமீட்டர். அகலம் சுமார் 30 கிலோமீட்டர். நடுவே சமோசிர் என்ற தீவு. பூமிக்கு அடியில் தேங்கியிருந்த பாறைக்குழம்பு வெளியேறியதும், மேலிருந்த நிலம் தாங்குவாரின்றி உள்ளே சரிந்தது. அந்தப் பள்ளத்தில் நீர் நிரம்பியதே இந்த ஏரி.

அந்த வெடிப்பில் வெளியேறிய பாறைக்குழம்பின் அளவு சுமார் 2,800 கன கிலோமீட்டர் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பிற்கால மதிப்பீடுகளில் சில இதைவிடக் கூடுதலாகச் சொல்கின்றன. 1883இல் வெடித்து உலகையே அதிரவைத்த கிரகடோவா எரிமலை வெளியேற்றியதைப் போல இது நூறு மடங்குக்கும் மேல். கடந்த 20 லட்சம் ஆண்டுகளில் நிகழ்ந்த மிகப் பெரிய வெடிப்புகளில் தோபாவும் ஒன்று.

வானில் எழுந்த நுண்துகள் காற்றோடு மேற்கே நகர்ந்தது. வங்காள விரிகுடா, இந்தியத் தீபகற்பம், அரபிக்கடல் என எல்லா இடங்களிலும் அது விழுந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சேற்றிலும் அதன் துகள்கள் கண்டறியப்பட்டுள்ளன. வங்கக் கடலிலும் அரபிக்கடலிலும் விழுந்த தூசி இடையிலிருந்த தென்னிந்தியாவைத் தவிர்த்திருக்காது. வெள்ளியங்கிரி மலைச் சரிவிலும் நொய்யல் பாயும் தொண்டாமுத்தூர்ப் பகுதியிலும் அது விழுந்திருக்கும் என்று கொள்வதே பொருத்தம்.

சாம்பல் ஏன் சில இடங்களில் மட்டும் தங்கியது?

இங்கே 'சாம்பல்' என்பது அடுப்புச் சாம்பல் அன்று. விறகு எரிந்து மிஞ்சுவது அடுப்புச் சாம்பல். எரிமலைச் சாம்பலோ, பாறைக்குழம்பு வெடித்துச் சிதறி நொடியில் குளிர்ந்து உருவான கண்ணாடித் துகள். நுண்ணோக்கியில் பார்த்தால் உடைந்த குமிழிகளின் ஓடுகளைப் போலக் கூர்மையான விளிம்புகளோடு தெரியும். நீரில் அது கரையாது. ஆனால் மழைநீர் அதை எளிதில் அடித்துச் செல்லும்.

இந்தியாவில் வானிலிருந்து நேரடியாக விழுந்த சாம்பலின் கனம் சில சென்டிமீட்டர் அளவே இருந்திருக்கும். மேட்டு நிலங்களில் அடுத்தடுத்த மழைகள் அதைக் கழுவிவிட்டன. ஜுர்ரேரு பள்ளத்தாக்கில் நடந்தது வேறு. சுற்றிலும் குன்றுகள், நடுவே தாழ்வான, நீர் தேங்கும் நிலம். சரிவுகளில் விழுந்த சாம்பலையெல்லாம் மழை அந்தத் தாழ்வில் கொண்டுவந்து சேர்த்தது. அதனால் சில இடங்களில் படிவு இரண்டு மீட்டருக்கு மேல் கனத்தது. பின்னர் அதன் மேல் வண்டல் மூடியதால் அது அழியாமல் தங்கியது.

ஆகவே, இரண்டு மீட்டர் கனமான சாம்பல் ஒரே நாளில் கொட்டி மக்களை உயிரோடு புதைத்தது என்று எண்ணுவது தவறு. முதலில் விழுந்தது மெல்லிய போர்வை. மற்றது பின்னர் ஓடிவந்து சேர்ந்தது. ஆனாலும் மெல்லிய போர்வையும் தீங்கற்றதன்று. புல்லும் இலையும் மூடிப்போகும், நீர்நிலை கலங்கும், மூச்சில் கண்ணாடித் தூசி ஏறும். விலங்குகளையும் தாவரங்களையும் நம்பி வாழ்ந்தவர்களுக்கு அது கடுமையான காலமாகவே இருந்திருக்கும்.

மண்ணடுக்கைப் படிக்கும் முறை

தொண்டாமுத்தூர்ப் பக்கம் கிணறு வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு மண்ணடுக்கு புதிய செய்தி அன்று. மேலே உழவு மண், அதன் கீழே செம்மண், பிறகு சுக்கான், கடைசியில் பாறை என்று கிணற்றின் பக்கச் சுவரில் வரி வரியாகத் தெரியும். இடையில் யாரும் தோண்டிக் கலைக்காதவரை கீழே உள்ளது முந்தியது, மேலே உள்ளது பிந்தியது. தொல்லியலின் அடிப்படை விதியும் இதுவே.

இத்தகைய அடுக்குகளில் எது எந்த ஆண்டுக்குரியது என்று சொல்வதுதான் கடினம். எரிமலைச் சாம்பல் உதவுவது இங்கேதான். ஒவ்வொரு வெடிப்பின் கண்ணாடித் துகளுக்கும் தனி வேதிச் சேர்க்கை உண்டு. அது கைரேகையைப் போன்றது. ஜ்வாலாபுரத்துச் சாம்பலின் கைரேகை தோபாவின் கடைசிப் பெருவெடிப்போடு பொருந்துகிறது. அந்த வெடிப்பின் காலம் ஆர்கான் வாயு அளவீட்டின் மூலம் சுமார் 74,000 ஆண்டுகள் என்று தெரிந்திருக்கிறது. எனவே அந்த வெண்பட்டை ஒரு நாட்காட்டிக் கோடு. கோட்டுக்குக் கீழே கிடைப்பவை வெடிப்புக்கு முந்தியவை. மேலே கிடைப்பவை பிந்தியவை.

சாம்பலுக்கு மேலும் கீழும் உள்ள மண்ணின் காலத்தை ஒளியுமிழ்வு முறையில் கணித்தார்கள். மணல்துகள் வெயிலைக் கடைசியாகக் கண்டது எப்போது என்பதை அளக்கும் முறை அது. புதைந்த மணல் சுற்றியுள்ள மண்ணின் கதிர்வீச்சைச் சிறுகச் சிறுகச் சேமித்துவைக்கும். ஆய்வகத்தில் ஒளி பட்டதும் அந்தச் சேமிப்பு ஒளியாக வெளிப்படும். அதை அளந்து காலத்தைக் கணிக்கலாம். கீழ் மண்ணுக்குச் சுமார் 77,000 ஆண்டுகளும் மேல் மண்ணுக்குச் சுமார் 74,000 ஆண்டுகளும் கிடைத்தன. இரண்டிலும் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பின் இருக்கலாம்.

அகழாய்வும் கண்டுபிடிப்பும்

கர்னூல் வட்டாரம் தொல்லியலுக்குப் புதிதன்று. 1863இல் சென்னைப் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1880களில் இதே வட்டாரத்தின் பில்லசுர்கம் குகைகளையும் ஆராய்ந்தார்.

2003 முதல் ஜுர்ரேரு பள்ளத்தாக்கில் தார்வாடு கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் ரவி கொரிசெட்டர், அப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த மைக்கேல் பெட்ராலியா ஆகியோர் குழுவாகப் பணி செய்தனர். கற்கருவி கிடைத்த இடங்களுக்கு அவர்கள் எண் கொடுத்தார்கள். 3ஆம் எண் இடத்தில் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் இடைப் பழங்கற்காலக் கருவிகள் கிடைத்தன. கல்லைத் தட்டி எடுத்த செதில்கள், செதில் எடுத்தபின் மிஞ்சிய மூலக்கற்கள், தோல் சுரண்டவும் மரம் சீவவும் ஏற்ற சுரண்டிகள் ஆகியவை அவற்றில் அடங்கும். 2007 ஜூலையில் 'சயின்ஸ்' இதழில் முடிவுகள் வெளியாயின. சாம்பலுக்கு முன்னும் பின்னும் கருவி செய்யும் முறையில் பெரிய மாற்றம் இல்லை என்பதே அதன் சாரம்.

அந்த முடிவு ஏன் கவனிக்கப்பட்டது? 1998இல் ஸ்டான்லி ஆம்புரோஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்திருந்தார். தோபா வெடிப்பால் உலகமே பல ஆண்டுகள் குளிர்ந்தது. மனித இனம் சில ஆயிரம் பேராகச் சுருங்கியது. இன்றைய மனிதர்களின் மரபணுக்களில் வேறுபாடு குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம் என்பது அக்கருத்து. அது உண்மையானால், சாம்பலே விழுந்த இந்தியாவில் மனிதத் தடம் நெடுங்காலம் அற்றுப்போயிருக்க வேண்டும். ஜ்வாலாபுரத்துச் சான்று அப்படிக் காட்டவில்லை.

அதே பள்ளத்தாக்கின் 9ஆம் எண் இடம் ஒரு பாறை ஒதுக்கிடம். அங்கே சுமார் 35,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கும் நுண்கற்கருவிகளும் மணிகளும் கிடைத்தன. அப்பகுதிப் பாறைகளில் பிற்கால ஓவியங்களும் உண்டு. ஒரு சிறு பள்ளத்தாக்கில் பல பத்தாயிரம் ஆண்டு மனித வாழ்வை அடுக்கடுக்காகக் காண முடிவது அரிது.

சான்று எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

மாணவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. ஜ்வாலாபுரத்தைப் பற்றிய கட்டுரைகள் சிலவற்றில் 'மக்கள் எரிமலையை வென்றார்கள்' என்ற தொனி காணப்படுகிறது. சான்று அவ்வளவு தூரம் செல்லவில்லை.

முதலாவதாக, கால இடைவெளி. ஒளியுமிழ்வுக் கணிப்பில் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பின் இருக்கலாம் என்பதால், சாம்பல் விழுந்த பத்து ஆண்டுகளில் மக்கள் திரும்பினார்களா, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு வந்தார்களா என்று பிரித்துச் சொல்ல இயலாது. அங்கேயே தப்பிப் பிழைத்தவர்கள் என்றும் கொள்ளலாம். வேறிடத்தில் பிழைத்த, அதே கைத்திறன் கொண்ட கூட்டத்தினர் பின்னர் வந்து குடியேறினர் என்றும் கொள்ளலாம்.

இரண்டாவதாக, கருவி செய்தவர் யார் என்ற கேள்வி. சாம்பலையொட்டிய அடுக்குகளில் மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. மூலக்கற்களின் அமைப்பு ஆப்பிரிக்காவில் நம் இனத்தவர் செய்தவற்றோடு ஒத்திருப்பதால், இங்கும் நம் இனத்தவரே இருந்தனர் என்று பெட்ராலியா குழுவினர் கருதினர். 2013இல் பால் மெல்லர்ஸ் உள்ளிட்டோர் இதை மறுத்தனர். நம் இனத்தவர் இந்தியாவுக்கு வந்தது தோபாவுக்கு வெகு காலம் பின்னர், சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன்தான் என்பது அவர்கள் வாதம். இத்தகைய கருவிகளை வேறு மனித இனத்தவரும் செய்யக்கூடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் இடைப் பழங்கற்காலக் கருவிமுறை சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று சாந்தி பப்பு குழுவினர் 2018இல் வெளியிட்டனர்.

மூன்றாவதாக, சூழல். வங்கக் கடல் சேற்றில் உள்ள மகரந்தத்தையும் மத்திய இந்திய மண்ணையும் ஆராய்ந்த 2009ஆம் ஆண்டு ஆய்வு, வெடிப்புக்குப் பின் காடு குறைந்து புல்வெளி பெருகியது என்று கூறியது. மலாவி ஏரிச் சேற்றை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வோ அங்கே பெரிய குளிர்ச்சி தென்படவில்லை என்றது. பாதிப்பு இடத்துக்கு இடம் வேறுபட்டது என்று கொள்ள இவை இடம் தருகின்றன.

பிற்காலச் சான்றுகள் ஜ்வாலாபுரத்தின் பக்கமே சாய்கின்றன. தென்னாப்பிரிக்காவின் பினக்கிள் பாயிண்ட் பகுதியில் தோபாத் துகள் விழுந்த காலத்தில் மனித வாழ்வு தடைப்படவில்லை என்று 2018இல் தெரியவந்தது. மத்தியப் பிரதேசத்தின் சோன் பள்ளத்தாக்கில் உள்ள தாபா என்ற இடத்திலும் சுமார் 80,000 முதல் 65,000 ஆண்டுகளுக்கு முன் வரை கருவிகள் தொடர்ந்தன என்று 2020இல் வெளியானது. மரபணு வேறுபாடு குறைவாக இருப்பதற்கு, ஆப்பிரிக்காவிலிருந்து சிறு கூட்டமே வெளியேறியது என்ற விளக்கமும் இன்று சொல்லப்படுகிறது.

இன்றைய நிலை

எரிமலைச் சாம்பல் மென்மையான கண்ணாடிப் பொடி. செங்கற்பொடி போட்டுப் பித்தளைப் பாத்திரம் துலக்கிய தலைமுறைக்கு அதன் பயன் சொல்லாமலே விளங்கும். பாத்திரம் துலக்கும் பொடிக்காக ஜ்வாலாபுரத்துச் சாம்பல் வெட்டி எடுக்கப்பட்டு விற்கப்பட்டது. வறண்ட நிலத்து மக்களுக்கு அது கூலி தந்த வேலை. அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. சாம்பல் வெட்டிய குழிகளின் பக்கச் சுவர்களில்தான் அடுக்குகள் ஆய்வாளர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தன என்பதும் உண்மை.

இருப்பினும் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. உடைந்த கோயில் தூணை ஒட்டவைக்கலாம். தேய்ந்த கல்வெட்டைப் படியெடுத்து வைக்கலாம். வெட்டி அள்ளிய மண்ணடுக்கை மீண்டும் அடுக்க முடியாது. சாம்பல் போனால் கோடு போயிற்று. கோடு போனபின் அங்கே கிடைக்கும் கல் முந்தியதா பிந்தியதா என்று சொல்ல வழியில்லை. மேலே சொன்ன கேள்விகளுக்கு விடை தேட நாளை இன்னும் நுட்பமான கருவிகள் வரும். அவை அளப்பதற்கு மண் மிஞ்ச வேண்டும்.

சென்று பார்ப்பவர்களுக்கு

பனகானபள்ளி மாம்பழத்துக்குப் பெயர் பெற்ற ஊர். நந்தியால் – எர்ரகுண்ட்லா இருப்புப்பாதையில் அங்கே ரயில் நிலையம் உண்டு. யாகந்தி உமாமகேசுவரர் கோயிலும் பேலம் குகைகளும் இவ்வட்டாரத்தில் இருப்பதால், ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் பார்க்கலாம். வெயில் கடுமையான பகுதி என்பதால் குளிர்காலமே ஏற்றது.

பொம்பெயியைப் போல் எதிர்பார்த்துச் செல்பவர்கள் ஏமாறுவார்கள். பார்க்க வேண்டியது ஒரு மண்சுவர்தான். அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். முதலில் செந்நிறம் சார்ந்த மண். அது வெடிப்புக்கு முந்திய நிலம். அதன் மேல் சட்டென்று வெளுக்கும் பட்டை. அது சுமத்ராவிலிருந்து வந்தது. அதன் மேல் மீண்டும் செந்நிற வண்டல்; அது பிந்திய நிலம்.

இடங்கள் வயல்களுக்கும் குழிகளுக்கும் நடுவே இருப்பதால் நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குவது முறை. வெட்டுச் சுவரின் அடியில் நிற்கக் கூடாது. சாம்பல் பொலபொலப்பானது, சரியக்கூடும். கல்லையோ சாம்பலையோ நினைவுப் பொருளாக எடுத்துவரவும் கூடாது. அடுக்கிலிருந்து பிரிந்த கல்லுக்கு வரலாறு இல்லை.

இந்தப் பழக்கம் சொந்த ஊருக்கும் பொருந்தும். நொய்யல் கரையில் கிணறு வெட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ பழம்பொருள் தென்பட்டால், அதைக் கழுவி வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல், எந்த ஆழத்தில், எந்த மண்ணில் இருந்தது என்று குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ தெரிவிக்க வேண்டும். பொருள் எவ்வளவு முக்கியமோ, அது கிடந்த மண்ணும் அவ்வளவு முக்கியம்.